முழுத்திரை: உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும்

இரண்டு மாதமாக எழுத நினைத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த குறிப்பு இது. எழுத வைத்தது ஒரு போன் கால்.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. கண் புரை ஆபரேஷன் ஒரு கண்ணில்தான் முடிந்திருக்கிறது. பழைய கச்சேரி வீடியோக்களை லேப்டாப்பில் பார்ப்பார். வீடியோ பெட்டியின் வலது கீழ்மூலையில் இருக்கும் நாலு மூலைக் குறியை அழுத்தினால் படம் திரை முழுக்க விரியும் என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அது தெரிந்த நாளிலிருந்து சின்னப் பெட்டியில் எதையும் பார்ப்பதில்லை. "பாடறவர் முகம் இப்பத்தான்டா தெரியுது" என்றார்.

அன்றைக்கு மாலை போன் வந்தது. பின்னால் சைரன் மாதிரி ஒரு சத்தம். "டேய், கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சுடா. வைரஸ் வந்திருக்காம். எதையும் தொடக்கூடாதாம், இந்த நம்பருக்குப் போன் பண்ணணுமாம்."

"போன் பண்ணிட்டீங்களாப்பா?"

"ரெண்டு தடவை போட்டேன், பிஸியா இருந்துச்சு. அதான் உனக்கு அடிச்சேன்."

பென்ஷன் வரும் பேங்க் கார்டு பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அந்த லைன் பிஸியாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

"அப்பா, கீபோர்டுல இடது பக்கம் மேல் மூலையில ஈ, எஸ், சி ன்னு மூணு எழுத்து இருக்கும். அதை அழுத்துங்க." கொஞ்ச நேரம் தேடினார். அழுத்தினார். "அட, மேல பட்டை எல்லாம் வந்துடுச்சே!" அந்தப் பட்டையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்தச் சொன்னேன். சைரன் நின்றது. கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது பூட்டப்படவே இல்லை. ஏதோ ஒரு விளம்பரத்தைத் தொட்டதில் திறந்த ஒரு வலைப்பக்கம், அவர் அடுத்து எங்கோ செய்த கிளிக்கைப் பிடித்துக்கொண்டு, முழுத்திரைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான்.

பாடகர் முகத்தைப் பெரிதாகக் காட்டியதும், பேங்க் கார்டுக்கு வலை விரித்ததும் ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரிதான். அந்த வரியை நானும் வேலைக்காகப் பல தடவை எழுதியிருக்கிறேன். ஒரு வலைப்பக்கம் திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்று யார், எப்போது, என்ன நிபந்தனையில் அனுமதி கொடுத்தார்கள்? அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே

முதலில் சிக்கல் எங்கே என்று பார்த்துவிடலாம். பிரவுசர் ஜன்னலில் இரண்டு பகுதிகள். மேலே முகவரிப் பட்டை, டேப்கள், பூட்டுக் குறி. இது பிரவுசரின் சொந்த இடம். கீழே வலைப்பக்கம். அங்கே பக்கத்தை எழுதியவர் எதை வேண்டுமானாலும் வரையலாம்: பேங்க் லோகோ, விண்டோஸ் எச்சரிக்கைப் பெட்டி, போலி முகவரிப் பட்டை கூட. ஆனால் கோட்டைத் தாண்டி மேலே போய் உண்மையான முகவரியை மாற்ற அவரால் முடியாது. பிரவுசர் பாதுகாப்புப் பொறியாளர் எரிக் லாரன்ஸ் 2017-ல் இந்தக் கோட்டைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு மரணக் கோடு என்றே பெயர் வைத்தார். மேலே இருப்பதை நம்பலாம், கீழே இருப்பதை நம்பக்கூடாது. வலையில் நம் பாதுகாப்பில் பெரும்பகுதி இந்த ஒரு கோட்டை நம்பித்தான் நிற்கிறது.

முழுத்திரை என்பது அந்தக் கோட்டை அழிப்பது. மொத்தத் திரையும் 'கீழே' ஆகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் இருபத்தைந்து வருஷச் சண்டை முழுக்கப் புரியும்.

முதல் சுற்று: ஆல்ட் எஃப்4 காலம்

1990-களின் கடைசியில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒரு வசதி இருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் புது ஜன்னல் திறக்கும்போது 'ஃபுல்ஸ்கிரீன் ஈக்வல்ஸ் எஸ்' என்று சேர்த்துவிட்டால், தலைப்புப் பட்டை, மெனு எதுவும் இல்லாமல் திரை முழுக்க அந்த ஜன்னல் வந்து உட்காரும். பயனரைக் கேட்கத் தேவையில்லை. வெளியே வர ஆல்ட் எஃப்4 அழுத்த வேண்டும். அது எத்தனை பேருக்குத் தெரியும்? மூடுவதற்கு ஒரு பட்டனை நீங்களே வைத்துவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்தில் நிரலாளர்களுக்குச் சொல்லியிருந்தது. வெளியே வரும் கதவை வைப்பதும் வைக்காததும் பக்கத்தை எழுதியவர் விருப்பம் என்று ஆயிற்று. பாப்-அப் விளம்பரங்கள் வலையை நாசம் செய்துகொண்டிருந்த காலம் அது. விளம்பரக்காரர் கதவு வைப்பாரா?

2004 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 இதை முடித்து வைத்தது. அதே வரியை எழுதினாலும் ஜன்னல் பெரிதாகத் திறக்குமே தவிர, தலைப்புப் பட்டையும் நிலைப் பட்டையும் மறையாது. பாப்-அப் தடுப்பானும் அதில்தான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குள் வந்தது. கேட்காமல் கொடுத்த அனுமதியைக் கேட்காமலே திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் சுற்று: ஃப்ளாஷின் நான்கு விதிகள்

2005-ல் யூடியூப் வந்தது. அடுத்த வருஷம் அக்டோபரில் 165 கோடி டாலருக்குக் கூகுள் அதை வாங்கியது. வலையில் வீடியோ என்றால் ஃப்ளாஷ் என்று ஆகிவிட்ட காலம். ஒரு தளத்தின் வீடியோவை இன்னொரு தளத்தில் பதிப்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் கைவந்த வேலை ஆனது. கொஞ்சம் நிரல்துண்டைக் காப்பி பண்ணி ஒட்டினால் போதும்.

2006 நவம்பரில் வெளியான ஃப்ளாஷ் பிளேயர் 9-இன் மேம்பாட்டில் முழுத்திரை வந்தது. அடோபி அதற்குப் போட்ட விதிகள் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருபவை. சாரம் நான்கு:

ஒன்று, பயனர் கிளிக் செய்தாலோ ஒரு கீயை அழுத்தினாலோ மட்டுமே முழுத்திரைக்குப் போகலாம். பக்கம் திறந்ததும் தானாகப் போக முடியாது.

இரண்டு, போனவுடன் 'வெளியே வர எஸ்கேப்பை அழுத்துங்கள்' என்ற வாசகம் படத்தின் மேல் சில நொடி தெரியும். அதை மறைக்க நிரலாளருக்கு வழி கிடையாது.

மூன்று, முழுத்திரையில் கீபோர்டில் எழுத்து அடிக்க முடியாது. போலி லாகின் பக்கம் வரைந்தாலும் பாஸ்வேர்டை எப்படி வாங்குவான்? 2008-ல் ஃப்ளாஷ் 10 வந்தபோது அம்புக்குறி, ஸ்பேஸ், டேப் போன்ற சில கீகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். முழுக் கீபோர்டு 2012-ல் 11.3 பதிப்பில்தான் வந்தது, அதுவும் பயனர் தனியாகச் சம்மதித்தால்.

நான்கு, வீடியோவைப் பதிக்கும் பக்கம் 'அலவ்ஃபுல்ஸ்கிரீன்' என்று வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் இல்லை என்றே அர்த்தம்.

அந்த நான்காவது விதி அந்தக் காலத்து வலைப்பதிவர்களை நிறையப் படுத்தியது. முழுத்திரைப் பட்டன் இருக்கும், அழுத்தினால் ஒன்றும் ஆகாது. பிளேயர் கெட்டுப் போச்சு என்று நினைப்போம். ஒட்டிய நிரல்துண்டில் ஒரு சொல் விடுபட்டிருக்கும், அதுதான் காரணம். ஆனால் விதி நியாயமானது. என் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர் வாசல் சுவரை இடித்துப் பெரிதாக்க வேண்டுமானால் என்னைத்தானே கேட்க வேண்டும்?

மூன்றாம் சுற்று: "கூடவே கூடாது"

2007 பிப்ரவரியில் ஓபரா நிறுவனம் ஒரு யோசனை சொன்னது. படத்துக்கு ஒரு டேக் இருப்பது போல வீடியோவுக்கும் எச்.டி.எம்.எல்-இல் ஒரு டேக் இருக்கட்டும், பிளக்-இன் எதற்கு? 2008 மார்ச்சில் சஃபாரி 3.1, 2009 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.5 என்று வரிசையாக எல்லோரும் அதை ஏற்றார்கள்.

முழுத்திரை? இங்கேதான் எனக்குப் பிடித்த திருப்பம். இயன் ஹிக்சன் தொகுத்த எச்.டி.எம்.எல்5 வரைவில், வீடியோவை முழுத்திரையாக்கும் பொது வசதி எதையும் பிரவுசர்கள் பக்கங்களுக்குத் தரக்கூடாது என்றே எழுதியிருந்தது. காரணமும் பக்கத்திலேயே இருந்தது. கவனமாகத் தயாரித்த ஒரு வீடியோவும் ஒரு ஸ்கிரிப்டும் சேர்ந்தால், கம்ப்யூட்டரே பாஸ்வேர்டு கேட்பது போலக் காட்டிப் பயனரை ஏமாற்றிவிடலாம். லிங்கைத் தொட்டாலே முழுத்திரை வீடியோ பாயும் தொல்லை தனி. பிரவுசர் வேண்டுமானால் தன் மெனுவில் ஒரு வசதி வைத்துக்கொள்ளட்டும், பக்கத்தின் கையில் கொடுக்காதீர்கள் என்பதுதான் நிலைப்பாடு.

2010 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6 அந்த வழியில்தான் போனது. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் மெனுவில் முழுத்திரை இருக்கும். பாதுகாப்பானது. ஆனால் அங்கே இருப்பது யாருக்குத் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு உரைத்தொகுப்புத் தளத்துக்கு வீடியோ பிளேயர் செய்துகொண்டிருந்தேன். முழுத்திரைக்கு வழியில்லை என்பதால் எல்லோரும் செய்த தந்திரத்தையே செய்தேன். வீடியோப் பெட்டியை ஜன்னலின் மேல் இடது மூலையில் பொருத்தி, அகலம் நூறு சதவீதம், உயரம் நூறு சதவீதம் என்று வைப்பது. அதைத் திரை என்று சொல்ல முடியாது, 'முழு ஜன்னல்' என்று வேண்டுமானால் சொல்லலாம். இன்னும் பெரிதாக வேண்டுமானால் எஃப்11 அழுத்துங்கள் என்று கீழே ஒரு குறிப்பு.

இதுவும் வீடியோ என் பக்கத்திலேயே இருக்கும் வரைதான். வேறொருவர் பக்கத்தில் ஐஃப்ரேமுக்குள் பதித்துவிட்டால் தந்திரம் பலிக்காது. ஐஃப்ரேம் என்பது பக்கத்துக்குள் வெட்டிய ஜன்னல். உள்ளே இருக்கும் நிரலுக்கு அந்த ஜன்னல்தான் உலகம். நூறு சதவீதம் என்றால் அந்தச் சின்னப் பெட்டியில் நூறு சதவீதம். பட்டனை அழுத்தினால் பெட்டிக்குள்ளேயே படம் ஒரு விரற்கடை பெரிதாகும். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

2010 ஜூன் கடைசியில் யூடியூப் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஃப்ளாஷ் வேண்டாம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் எழுதிய பகிரங்கக் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் ஏன் இன்னும் ஃப்ளாஷை விடவில்லை என்பதற்கு அதில் யூடியூப் அடுக்கிய காரணங்களில் வீடியோ ஃபார்மட், ஸ்ட்ரீமிங், உள்ளடக்கப் பாதுகாப்பு இவற்றோடு முழுத்திரையும் ஒன்று. வரைவு 'கூடாது' என்கிறது. உலகின் மிகப் பெரிய வீடியோ தளம் 'அது இல்லாமல் வரமாட்டேன்' என்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்?

நான்காம் சுற்று: வீடியோவுக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும்

அடுத்து வந்த யோசனை, கேட்டதை விடப் பெரியது. மொசில்லாவில் ராபர்ட் ஓ'கலகன் முன்வைத்த வரைவிலும், வெப்கிட்காரர்கள் செய்ததிலும், முழுத்திரை என்பது வீடியோவுக்கு மட்டும் அல்ல. பக்கத்தில் இருக்கும் எந்த உறுப்பையும் முழுத்திரையாக்கலாம்.

ஏன் என்று யோசித்தால் நியாயம் தெரிகிறது. வீடியோவை மட்டும் பெரிதாக்கினால் அதைச் சுற்றி நிரலாளர் செய்து வைத்த பட்டன்கள், வசன வரிகள் எல்லாம் பின்னால் தங்கிவிடும். அவற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் சுற்றியிருக்கும் பெட்டியையே தூக்க வேண்டும். வரைபடம், விளையாட்டு, சொற்பொழிவு ஸ்லைடுகள் இவற்றுக்கும் உதவும். ஆனால் எந்த உறுப்பும் என்றால், போலி வைரஸ் எச்சரிக்கையும் ஓர் உறுப்புதானே.

2011 ஜூலையில் சஃபாரி 5.1, அக்டோபரில் குரோம் 15, 2012 ஜனவரி கடைசியில் ஃபயர்ஃபாக்ஸ் 10. ஆளுக்கொரு பெயர். வெப்கிட் பிரவுசர்களுக்கு 'வெப்கிட்' என்று முன்னொட்டு, ஃபயர்ஃபாக்ஸுக்கு 'மோஸ்', பிறகு 2013-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-க்கு 'எம்எஸ்'. 2012-ல் டான்டெக் செலிக், ஆன் வான் கெஸ்டரன் இருவரும் தொகுத்த தர வரைவு வெளியானபோது இன்னொரு கூத்து. ஆரம்பத்தில் 'ஸ்கிரீன்' என்பதைத் தனிச் சொல்லாகப் பாவித்து அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதினார்கள். தர வரைவில் 'ஃபுல்ஸ்கிரீன்' ஒரே சொல், ஆகவே சின்ன எழுத்து. வெளியே வரும் கட்டளை ஃபயர்ஃபாக்ஸில் 'கேன்சல்', தர வரைவில் 'எக்ஸிட்'. ஒரு பட்டன் வேலை செய்ய நாலு 'இஃப்' எழுதுவோம். ஓர் எழுத்தின் பெரிது சிறிதில் அரை நாள் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

விதிகள் மட்டும் தெரிந்த விதிகள். கிளிக் இருந்தால்தான் போகலாம். போனதும் பிரவுசர் ஓர் அறிவிப்பு காட்டும். எஸ்கேப் அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். பதித்த பக்கம் ஐஃப்ரேமில் 'அலவ்ஃபுல்ஸ்கிரீன்' என்று எழுதியிருக்க வேண்டும். ஐஃப்ரேமுக்குள் ஐஃப்ரேம் என்றால் ஒவ்வொரு படியிலும் அந்த அனுமதி வேண்டும். நடுவில் ஒருவர் மறந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் உள்ளே வீடியோ பெரிதாகும்போது, அதைச் சுமக்கும் ஒவ்வொரு ஐஃப்ரேமையும் பிரவுசரே வெளியே வரைக்கும் பெரிதாக்கிக்கொண்டு போகும். நான் தந்திரத்தால் செய்ய முடியாததை இப்போது பிரவுசர் செய்தது.

ஃப்ளாஷின் நான்கு விதிகளில் மூன்று அப்படியே வந்துவிட்டன. வராமல் போனது கீபோர்டுத் தடை. ஆரம்பத்தில் சஃபாரியும் ஃபயர்ஃபாக்ஸும் அதில் சில கட்டுப்பாடுகள் வைத்துப் பார்த்தன. விளையாட்டுகளும் பிற செயலிகளும் கீபோர்டு கேட்டதால் அந்தக் கட்டுப்பாடு நிற்கவில்லை.

எச்சரித்தபடியே நடந்தது

2012 அக்டோபரில் ஃபெராஸ் அபூகாதிஜே என்ற நிரலாளர் ஒரு செயல்விளக்கம் வெளியிட்டார். பக்கத்தில் ஒரு பெரிய வங்கிக்கான லிங்க். மவுசை மேலே வைத்தால் கீழே உண்மையான வங்கி முகவரியே தெரியும். கிளிக் செய்ததும் பக்கம் முழுத்திரைக்குப் போய், உங்கள் பிரவுசர் மாதிரியே ஒரு பிரவுசரை வரைந்து காட்டும். போலி டேப், போலி முகவரி, போலி பூட்டு. அதற்குள் போலி வங்கி. இது முழுத்திரை என்பதே பலருக்குத் தெரியாது, ஏனென்றால் திரை ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது. எச்.டி.எம்.எல்5 வரைவு பயந்தது இதைத்தான்.

பிரவுசர்கள் அறிவிப்பைப் பெரிதாக்கின, இடம் மாற்றின, வாசகம் மாற்றின. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கொஞ்ச காலம் 'அனுமதிக்கிறீர்களா?' என்று பட்டன் வைத்தே கேட்டன. பிறகு அந்தக் கேள்வி போய், 'இந்தத் தளம் முழுத்திரையில் இருக்கிறது, வெளியே வர எஸ்கேப்' என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. ஒவ்வொரு வீடியோவுக்கும் கேட்டால் யார்தான் படித்துப் பார்த்து அனுமதி கொடுப்பார்கள்?

ஐபோன் கதை தலைகீழ். அங்கே வலைப்பக்கத்து வீடியோவைத் தொட்டாலே முழுத்திரைக்குப் போய்விடும், வேண்டாம் என்றாலும். பெட்டிக்குள்ளேயே ஓட விடும் 'பிளேஸ்இன்லைன்' வசதி 2016-ல் ஐஓஎஸ் 10-இல்தான் வந்தது. எந்த உறுப்பையும் பெரிதாக்கும் உரிமையை ஐபேடுக்கு ஐஓஎஸ் 12-இல் கொடுத்த ஆப்பிள், ஐபோனில் பல வருஷம் வீடியோவுக்கு மட்டுமே வைத்திருந்தது. அதுவும் கம்பெனியின் சொந்த பிளேயரில் ஓடும். நிரலாளராக அன்றைக்கு இதைத் திட்டியிருக்கிறேன். அப்பாவின் போன் காலுக்குப் பிறகு அவ்வளவு திட்டத் தோன்றவில்லை.

2015 ஜனவரியில் யூடியூப் எச்.டி.எம்.எல்5-ஐ இயல்பான பிளேயராக்கியது. 2018 டிசம்பரில் குரோம் 71, ஃபயர்ஃபாக்ஸ் 64 இரண்டும் முன்னொட்டு இல்லாத பெயரை ஏற்றன. சஃபாரி 2023 மார்ச்சில் 16.4 பதிப்பில் வந்து சேர்ந்தது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷ் போய்ச் சேர்ந்தது. அதன் விதிகள் நாம் திறக்கும் ஒவ்வொரு வீடியோவிலும் இன்னும் இருக்கின்றன.

ஒரு கிளிக் எதைச் சொல்கிறது?

இவ்வளவும் தேடிப் படித்த பிறகு என் மனதில் நின்றது ஒன்றுதான். இந்த ஏற்பாட்டில் உள்ளே போகும் வாசலில் நிற்கும் காவல், பயனரின் கிளிக். ஆனால் கிளிக் என்ன சொல்கிறது? 'திரைக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார்' என்று சொல்கிறது. 'அவருக்கு முழுத்திரை வேண்டும்' என்று சொல்வதில்லை. எதன் மேல் கிளிக் செய்தார் என்று பிரவுசர் பார்ப்பதே இல்லை. முழுத்திரைப் பட்டன் மேல் அழுத்தினாலும், பயந்துபோய் மூடுவதற்காக எங்கோ அழுத்தினாலும் இரண்டும் ஒன்றுதான். எஸ்கேப் போட்டு வெளியே வந்தாலும், அடுத்த கிளிக்கில் மறுபடி உள்ளே இழுத்துவிடலாம். மோசடிப் பக்கங்கள் செய்வது இதைத்தான்.

இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. 2013 வாக்கில் ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: "பட்டனை யாரும் கவனிக்க மாட்டேங்கறாங்க, பக்கத்துல எங்க தொட்டாலும் வீடியோ ஃபுல் ஸ்கிரீன் ஆகற மாதிரி செய்ங்க." செய்து கொடுத்தேன். பக்கம் முழுவதற்கும் ஒரு கிளிக் காவலாளி, அதற்குள் ஒரே வரி. சமர்த்தாகச் செய்தோம் என்று சந்தோஷம் வேறு. அப்பாவின் திரையைப் பிடித்த பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தபோது அதே வரி, ஏறக்குறைய அதே வடிவத்தில் இருந்தது. அவர்கள் என்னிடமிருந்து எடுக்கவில்லை. ஆனால் பயனரின் ஒரு கிளிக்கை அவர் கொடுக்காத சம்மதமாக மாற்றியதில் எனக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் நோக்கத்தில் மட்டும்தான்.

உள்வாசல் காவல் இவ்வளவு பலவீனம் என்பதால் மொத்தப் பாரமும் வெளிவாசல் மேல் விழுகிறது. அதாவது எஸ்கேப். மற்ற கீகளைப் பக்கத்தின் நிரல் பிடித்துத் தடுத்துவிடலாம். முழுத்திரையில் இருக்கும்போது எஸ்கேப்பை அப்படித் தடுக்க முடியாது, பக்கத்துக்குத் தெரியும் முன்பே பிரவுசர் எடுத்துக்கொள்ளும். 2018-ல் குரோம் 68-இல் வந்த கீபோர்டு லாக் வசதி, விளையாட்டுகளும் தொலைதூரக் கணினிச் செயலிகளும் எஸ்கேப்பையும் பிடிக்க இடம் கொடுத்தது. அப்போதும் அந்தக் கீயைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் வெளியே வந்துவிடலாம். கடைசிக் கதவை யாரும் பூட்ட விடவில்லை.

அந்தக் கீயின் கதையும் பழையது. 1960-ல் ஐ.பி.எம்.-இல் இருந்த பாப் பெமர், ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஒரு தனி எழுத்து வேண்டும் என்று கொண்டுவந்ததுதான் எஸ்கேப். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்காகச் செய்தது, அறுபது வருஷம் கழித்து என் அப்பா ஒரு போலி சைரனிலிருந்து தப்பிக்க உதவியது.

உதவியது, ஆனால் நான் போனில் சொன்ன பிறகு. அதுதான் என்னை உறுத்துவது. வெளியே வரும் வழி எப்போதும் இருந்தது, அது எங்கே என்று பிரவுசர் திரையிலும் காட்டியது. சில நொடி, அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில், சைரனுக்கும் சிவப்பு எழுத்துக்கும் நடுவில், புரை விழுந்த கண்ணுக்கு. திரையைப் பெரிதாக்கும் பட்டனை அவருக்குச் சொல்லிக் கொடுத்த நான், திரும்பி வரும் கீயைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் அதே நாலு மூலைக் குறியைத் தேடி அழுத்தித்தான் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறார். கச்சேரி வீடியோவில் அந்தக் குறி இருக்கும். மோசடிப் பக்கத்தில் யார் வைப்பார்கள்?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையிலிருந்து பெரிய சிவப்புப் பொட்டாக ஒன்றை எடுத்து எஸ்கேப் கீ மேல் ஒட்டினேன். "இது எதுக்குடா?" என்றார் அப்பா. "என்ன வந்தாலும் முதல்ல இதை அழுத்துங்க, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன். ஒரு வீடியோவைப் போட்டு, பெரிதாக்கி, பொட்டை அழுத்தினார். சின்னதானது. மறுபடி பெரிதாக்கினார், மறுபடி பொட்டு. நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, கச்சேரியை முழுத்திரையில் விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். முழுத்திரைக்கான அந்த வரியை அதற்கென்று வைத்த பட்டனுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவர்களுக்கு: வீட்டில் பெரியவர்கள் இருந்தால், உள்ளே போகும் வழியைச் சொல்லிக் கொடுக்கும்போதே வெளியே வரும் வழியையும் காட்டிவிடுங்கள். ஒரு பொட்டு போதும்.